தறிக்காரர் மகன் தந்த லொறி

தமிழாசிரியன் ஒருவனுக்கும் மோட்டார் வண்டிக்கும் யாது உறவு என்று வாசகர் நகைத்தல் கூடும். நகைப்பதில் தவறில்லை. அகவை ஐம்பத்தைந்தைக் கடந்தும் யான் சைக்கிளன்றி வேறு வாகனம் எதனையும் செலுத்தி அறியேன். கீழைத்தேயக் கல்லூரியில் யாப்பும் அணியும் கற்று, கற்றவற்றையே மாணவர்க்குச் சொல்லிக் காலம் போக்குபவன். அத்தகைய என்னை எங்கள் ஊர் நலன்புரிச் சங்கத்தார் வண்டி வாங்கும் குழுவில் ஒருவனாக்கினர். பணம் பொதுப்பணம், கணக்கில் ஐயம் எழாதிருக்க வாத்தியார் ஒருவர் உடனிருத்தல் நன்று என்பது அவர்தம் எண்ணம் போலும்.

வண்டி வேண்டப்பட்ட காரணத்தை முதலிற் கூறிவிடுகின்றேன். கல்முனைக்கு வடக்கே, கடலை அடுத்த மருதமுனை எனது ஊர். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்து எங்கள் கரையை வாரிச் சென்றபின், எஞ்சிய கிணறுகளும் உப்பாயின. பவுசர் வரும் ஓசை கேட்டுக் குடத்தோடு ஓடிய நாள்களை எவரும் மறந்திலர். இருபது ஆண்டு கழிந்து, 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், மழை வெள்ளம் வயலையும் வீதியையும் ஒன்றாக்கியிருந்தபோது, காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடைப்பட்ட வீதியில், உழவு இயந்திரத்தின் பெட்டியிலேறி வீடு திரும்பிய மத்ரசா மாணவர்களை வெள்ளம் இழுத்துச் சென்றது. பலர் மீளவில்லை. அவர்களுள் ஒருவரும் என்னிடம் படித்தவரல்லர். ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

ஆகவே, இடர்க்காலத்தில் தண்ணீர்த் தாங்கி ஒன்றையும் சிறு மீட்புப் படகொன்றையும் ட்ரெயிலரில் வைத்து இழுத்துச் செல்லத்தக்க பிக்கப் வண்டி ஊருக்கு வேண்டும் என்று சங்கம் முடிவு செய்தது. எங்கள் பகுதியார் அதனைக் கெப் என்பர். முதற் கூட்டத்தில் இளைஞர் சிலர், அமெரிக்காவில் ஓடும் பேருருவப் பிக்கப்பே வேண்டும் என்றனர். வேறு சிலர், டொயோட்டாவின்றி வேறெதுவும் நம்பத்தக்கதன்று என்றனர். தேநீர் பரிமாற வந்த என் மாணவன் ஒருவன் அப்போது என்னருகே வந்து, டொயோட்டா என்பது ஆளின் பெயரா, ஊரின் பெயரா, அதற்குப் பொருள் யாது என்று வினவினான். எனக்கு விடை தெரியவில்லை. நாள்தோறும் ஆயிரம் முறை செவியில் விழும் சொல்லொன்றின் பொருளறியாது இருத்தல் பண்டிதன் என்று பெயர் கொண்டவனுக்கு நாணந் தருவது. வீடு சென்றதும் அச்சொல்லைத் தேடலானேன். சொல்லைத் தேடப் புகுந்த நான் ஒரு மனிதரின் வாழ்க்கையைக் கண்டேன். அதனையே இங்கு எழுதுகின்றேன்.

டொயோடா என்பது ஒரு குடும்பப் பெயர். டொயோ என்பது வளம். டா என்பது நெல்வயல். செழுவயலார் என்று நாம் தமிழ் செய்துகொள்ளலாம். அம்பாறை மாவட்டத்து மக்களுக்கு இப்பொருள் உவப்பளிக்கும். ஆனால் அக்குடும்பத்தின் பெயரை உலகறியச் செய்தது வயலன்று, தறி. இதனை அறிந்தபோது எனக்கு உண்டான வியப்பை மருதமுனையார் எளிதில் உணர்வர். எங்கள் ஊர் கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர். என் மூத்தாப்பா தறியில் இருந்தவர். வாப்பாவும் அதன் ஓசையிலேயே வளர்ந்தவர். உலகமெங்கும் ஓடும் வண்டி ஒரு தறிக்காரர் வீட்டிலிருந்து புறப்பட்டது என்றால், எம் உறவினர் வீட்டுச் செய்தியைக் கேட்டாற் போன்றதன்றோ!

அத்தறிக்காரர் சகிச்சி டொயோடா. 1867ஆம் ஆண்டு ஜப்பானில் தச்சுத் தொழிலும் வேளாண்மையும் செய்த ஏழைக் குடும்பமொன்றிற் பிறந்தவர். தாயும் அயற்பெண்டிரும் கைத்தறியில் முதுகு நோக உழைப்பதைக் கண்டு, அவர்தம் பாரத்தைக் குறைக்க எண்ணினார். 1891இல் அவர் செய்த மரக் கைத்தறிக்குக் காப்புரிமை கிடைத்தது. பின்னர் ஆவியாலும் மின்னாலும் இயங்கும் தறிகளைச் செய்தார். அவர் தறிகளின் சிறப்பு விரைவு மட்டுமன்று. நெசவறிந்தோர் அதன் அருமையை உணர்வர்: பாவிலோ ஊடையிலோ ஓரிழை அறுந்தால், அத்தறி தானாகவே நின்றுவிடும்.

இழை அறுந்தது தெரியாது தறி ஓடுமாயின் முழத்துக்கு முழம் துணி பழுதாகும். நெய்பவர் கண் இமைத்த நேரத்துள் ஒரு நாட் கூலி போய்விடும். அறுந்தவுடன் தறி நின்றால், அறுந்த இடமும் தெரியும். முடிச்சிட்டு மேலே நெய்யலாம். ஒருவரே பல தறிகளைக் கவனிக்கவும் இயலும். குறை நேராத தறியை எவராலும் செய்ய இயலாது. குறை நேர்ந்தமையை மறைக்காத தறியைச் செய்தார் சகிச்சி.

அவருடைய மகனே நம் கதைக்குரிய கீச்சிரோ டொயோடா. பிறந்தது 1894ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள். தந்தை கண்டுபிடிப்பிலேயே மூழ்கி வீட்டை மறந்திருந்தமையால், குழந்தை பிறந்த சில காலத்துள் தாய் அவ்வீட்டை விட்டு நீங்கினார். பாட்டனும் பாட்டியும் குழந்தையை வளர்த்தனர். பின்னர்ச் சிற்றன்னை வந்தார். உடல் வலிவும் பேச்சுத் திறமும் குறைந்த பிள்ளை என்று அவரைக் கூறுவர். தொழிற்கூடத்தின் எண்ணெய் மணத்தில் வளர்ந்த அப்பிள்ளை, டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்று 1920இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு தந்தையின் நெசவாலையிற் சேர்ந்தார். அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்று, இங்கிலாந்தின் ஓல்டாம் நகரிலிருந்த பிளாட் சகோதரர் தறிக்கூடத்தில் வேலை முறைகளை நேரிற் கண்டு மீண்டார்.

1924இல் தந்தையும் மகனும் கூடி உழைத்ததன் பயனாக ஜி வகைத் தானியங்கித் தறி பிறந்தது. ஓட்டம் நில்லாமலே நூல் தீர்ந்த நாடாவை வெளியேற்றிப் புது நாடாவை ஏற்றும் திறன் அதற்குண்டு. இழை அறுந்தால் நிற்கும் குணமும் உண்டு. 1926இல் கரியா என்னும் ஊரில் டொயோடா தானியங்கித் தறித் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. 1929இல் கீச்சிரோ மீண்டும் இங்கிலாந்து சென்றார். ஒரு காலத்தில் அவர் மாணவரைப் போல் நின்று பார்த்த பிளாட் நிறுவனமே, இப்போது அத்தறியின் உரிமையை ஒரு இலட்சம் பவுணுக்கு வாங்க உடன்பட்டது. உலகுக்கெல்லாம் தறி விற்ற இங்கிலாந்து ஜப்பானியத் தறியை விலை கொடுத்து வாங்கிற்று என்பது சிறு செய்தியன்று.

இவ்வளவில் நின்றிருந்தால் கீச்சிரோ செல்வந்தராய் வாழ்ந்து மறைந்திருப்பார். அவர் மனமோ வேறொன்றை நாடியது. 1923 செப்டெம்பர் 1ஆம் நாள் டோக்கியோவை நிலநடுக்கம் அழித்தபோது, புகையிரதப் பாதைகளும் ட்ராம் பாதைகளும் சிதைந்தன. மக்களையும் பொருள்களையும் கொண்டுசெல்ல அமெரிக்க ஃபோர்ட் வண்டிகள் வந்திறங்கின. பேரிடரின் பின் ஓர் ஊரை எழுப்புவது சக்கரமே என்பதை ஜப்பானியர் அன்று கண்டனர். யாம் 2004இற் கண்டோம். ஃபோர்ட் கம்பனி 1925இல் யோக்கோகாமாவில் வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது. ஜெனரல் மோட்டோர்ஸ் 1927இல் ஒசாகாவில் தொடங்கியது. தன் நாட்டு வீதிகளில் ஓடும் வண்டிகளுட் பெரும்பாலானவை தன் நாட்டார் கைவண்ணமாய் இராமை கீச்சிரோவை வருத்தியது.

1930இல் தந்தை மறைந்தார். அதே ஆண்டில் மகன் தறித் தொழிற்சாலையின் ஒரு மூலையில், சைக்கிளிற் பூட்டும் சிறு இயந்திரம் ஒன்றைக் கழற்றி ஆராயத் தொடங்கினார். 1933இல் தொழிற்சாலைக்குள்ளேயே மோட்டார்ப் பகுதி அமைந்தது. அமெரிக்கச் செவர்லே கார் ஒன்றை வாங்கி ஆணி ஆணியாய்ப் பிரித்து ஒவ்வோர் உறுப்பையும் அளந்தனர். தறிக்கு வேண்டிய இரும்பை வார்க்கத் தெரிந்த கைகள், இயந்திரத்தின் உருளைக்கட்டையை வார்க்கப் புகுந்தபோது தோற்றன. வார்த்தவை வெடித்தன, உடைத்து உருக்கி மீண்டும் வார்த்தனர். தறியில் ஈட்டிய பணம் உலையிற் கரைந்தது. நிறுவனத்தின் தலைவரும் கீச்சிரோவின் தங்கை கணவருமாகிய ரிசாபுரோ இம்முயற்சியை ஐயத்தோடு நோக்கினார். குடும்பத்துச் செல்வம் பணயமாய் வைக்கப்பட்டிருந்தமையால் அவர் அஞ்சியது நியாயமே.

1934இல் முதல் இயந்திரம் உயிர்பெற்றது. 1935 மே மாதம் ஒரு கார் உருவாயிற்று. ஆனால் நாட்டுக்கு அப்போது வேண்டப்பட்டது பாரம் சுமக்கும் லொறி. சில மாதத்துள் ஜி1 என்னும் லொறியைச் செய்து முடித்தனர். அதே ஆண்டு நவம்பரில் டோக்கியோவில் அதனை ஊரறியக் காட்டுவதென நாள் குறித்தனர். கரியாவிலிருந்து லொறி புறப்பட்டது. வழியில் ஸ்டியரிங்கின் உறுப்பொன்று முறிந்தது! நள்ளிரவிற் செப்பனிட்டு, காட்சிக்குரிய நாளிலே கொண்டுபோய்ச் சேர்த்தனர். மாலையிட்டு நின்ற அந்த லொறி வழியில் முறிந்த லொறி என்பதைப் பார்க்க வந்தோர் அறியார், செய்தவர் அறிவர்.

இதனை வாசித்தபோது யான் சிறிது நேரம் நூலை மூடிவைத்தேன். நம்பிக்கைக்கு மறுபெயர் என்று எங்கள் கூட்டத்திற் போற்றப்பட்ட பெயரின் முதல் லொறி, முதற் பயணத்திலேயே முறிந்தது என்பதை அன்று கூறியிருந்தால் எவரும் நம்பியிரார்.

விற்பனைக்கு வந்தபின்னும் ஜி1 தன் உரிமையாளரை அலைக்கழித்தது. பின்னச்சு முறிந்தது, பிற உறுப்புகளும் பழுதாயின. பாரத்தோடு நடுவழியில் நிற்கும் லொறி என்று அதற்குப் பெயர் விழுந்தது. இந்நிலையிற் பலர் செய்வது யாது? குறையைச் சாரதியின் தலையிற் சுமத்துவர். அல்லது வண்டியைத் தொலைதூரத்தில் விற்றுவிட்டுக் காதைப் பொத்திக்கொள்வர். கீச்சிரோவும், விற்பனைக்குப் பொறுப்பேற்று வந்த சோத்தாரோ கமியாவும் அதற்கு மாறான வழியைக் கொண்டனர். லொறிகளைத் தொழிற்சாலைக்கு அண்மையிலேயே விற்றனர். பழுது நேர்ந்த செய்தி வந்ததும் ஆள் போய்ச் சேரவேண்டும் என்பது கருத்து. காசு பெறாது திருத்திக் கொடுத்தனர். கீச்சிரோ தாமே வீதியோரத்துக்குச் சென்று லொறியின் அடியிற் படுத்து முறிவைப் பார்த்தார். முறிந்த உறுப்பு தொழிற்சாலைக்கு வந்தது. ஏன் முறிந்தது என்று ஆராய்ந்து அடுத்த லொறியில் மாற்றினர். ஜி1 என்னும் பெயரில் 400க்கும் குறைவான லொறிகளே செய்யப்பட்டன. 1936இல் திருத்தமுற்ற புதுவகை அதன் இடத்தைப் பெற்றது.

இழை அறுந்ததும் நிற்கும் தந்தையின் தறியை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கவேண்டும். தறிக்கு இருந்த நேர்மையைத் தொழிற்சாலைக்குக் கொடுத்தார் மகன். நாள்தோறும் பன்முறை கை கழுவ வேண்டிய அளவுக்கு அழுக்குப் படாத பொறியியலாளரை அவர் மதித்திலர் என்பர். பட்டம் பெற்றவர், செல்வர் வீட்டுப் பிள்ளை. ஆயினும் எண்ணெய்க் கறை அவர் கையை விட்டு நீங்கியதில்லை.

1936இலே பெயரும் மாறியது. சின்னம் ஒன்று வேண்டிப் பொதுமக்களிடையே போட்டி நடத்தியபோது, டொயோடா என்பது டொயோட்டா ஆயிற்று. ஜப்பானிய எழுத்தில் எட்டுக் கோடுகளில் எழுதி முடிக்கலாம் என்பதும், எட்டு நல்லெண் என்பதும், ஒலி தெளிவாய் இருக்கும் என்பதும் காரணங்கள். தமிழில் எழுதிப் பார்த்தால், இடையில் ஓர் ஒற்று மிகுந்து மெல்லொலி வல்லொலியாயிற்று என்று இலக்கண மாணவர் மகிழலாம். குடும்பத்தின் பெயர் வேறு, தொழிலின் பெயர் வேறு என்பதும் அவ்வோர் ஒற்றால் விளங்கிற்று.

1937 ஓகஸ்ட் 28ஆம் நாள் டொயோட்டா மோட்டார் கம்பனி தனியே தோன்றியது. அடுத்த ஆண்டு கொரோமோ என்னும் ஊரின் தரிசு நிலத்திற் பெருந் தொழிற்சாலை எழுந்தது. கொரோமோ என்னும் ஒலிக்கு ஆடை என்ற பொருளும் அம்மொழியில் உண்டு. தறிக்காரர் மகனுக்கு வாய்த்த இடப்பெயர் அது. அங்கே கீச்சிரோ ஒரு விதி செய்தார்: அன்றைய வேலைக்கு வேண்டிய உறுப்புகள், வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவே வரவேண்டும். குவித்து வைத்தால் பழுதும் குவியலுள் மறையும். இவ்விதி பிற்காலத்தில் உலகத் தொழிற்சாலைகளெல்லாம் கற்கும் பாடமாயிற்று.

ஆனால் அவருடைய லொறிகள் சென்ற வழி முழுதும் நல்வழியன்று. அக்காலத்து ஜப்பான் சீனத்தின்மேற் படையெடுத்திருந்தது. தொழிற்சாலையின் லொறிகளைப் படையினரே பெரிதும் கொண்டனர். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கி, ஹேர்மிஸ் என்னும் போர்க்கப்பலை மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் ஆழ்த்தியதை எங்கள் கரையிலிருந்த முதியோர் கதையாய்ச் சொல்வர். அப்போரின் ஓர் உறுப்பாய் அத்தொழிற்சாலையும் இருந்தது. அதனை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று. 1945 ஓகஸ்ட் 14ஆம் நாள் கொரோமோவிற் குண்டுகள் விழுந்தன. தொழிற்சாலையின் காற்பங்கு சிதைந்தது. மறுநாள் போர் முடிந்தது.

போரின் பின் வறுமை. தொழிலாளர் வயிற்றைக் காக்க எத்தொழிலும் செய்யத் துணிந்தார் கீச்சிரோ. சட்டி பானை செய்யவும் முனைந்தனர். மகன் சோயிச்சிரோவை வடகோடித் தீவுக்கு அனுப்பி, மீனை அரைத்துப் பண்டமாக்கும் தொழிலைக் கற்கச் செய்தார். பிற்காலத்தில் கம்பனியின் தலைவரான மகன் அன்று மீன் அரைத்தவர் என்பதைக் கடற்கரை மக்களாகிய யாம் அறிந்து வைத்தல் நன்று. 1947இல் ஒரு தொன் பாரம் ஏற்றத்தக்க சிறு லொறி ஒன்று வெளிவந்தது. அழிந்த நாட்டின் ஒடுங்கிய வீதிகளுக்கு அச்சிறு லொறி ஏற்றதாயிற்று. நாம் இன்று கெப் என்னும் வண்டிக்கு முன்னோருள் ஒன்று அது.

1949இல் அரசு பணப்புழக்கத்தை இறுக்கியது. விற்ற லொறிக்குப் பணம் வரவில்லை. கம்பனி வங்கிகளின் கையில் விழுந்தது. ஒருவரையும் வேலையிலிருந்து நீக்குவதில்லை என்பது கீச்சிரோவின் உறுதி. ஆனால் 1950இல் 1,600 பேர் விலகவேண்டும் என்ற நிலை வந்தது, வேலைநிறுத்தம் மூண்டது. தாம் கொடுத்த சொல்லைக் காக்க இயலாதவர் அப்பதவியில் இருத்தல் தகாது என்று எண்ணி, ஜூன் மாதத்தில் அவர் தலைமைப் பதவியைத் துறந்தார். அறுந்த இழையைக் கண்டு தறி நின்றது போல, அவர் தம்மைத் தாமே நிறுத்திக்கொண்டார் எனலாம். வேலையிழந்தவர்க்கு அது சோறாகாது, உண்மையே. எனினும் பழியைப் பிறர்மேற் போடாத தலைவர் உலகில் மிகச் சிலர்.

ஊழின் செயலைப் பாருங்கள். அவர் விலகிய அதே மாதத்திற் கொரியப் போர் தொடங்கியது. அடுத்த மாதம் அமெரிக்கப் படையிடமிருந்து ஆயிரம் லொறிகளுக்குக் கட்டளை வந்தது. கம்பனி பிழைத்தது, அவர் வெளியில் இருந்தார். 1952இல் மீண்டும் தலைமை ஏற்க அழைத்தனர், உடன்பட்டார். ஏற்பதற்குமுன், மார்ச் 27ஆம் நாள், மூளையில் இரத்தம் கசிந்து இறந்தார். அகவை 57. தம் பெயர் தாங்கிய வண்டிகள் உலகமெங்கும் ஓடுவதை அவர் காணவில்லை. 1959இல் கொரோமோ நகரம் டொயோட்டா என்று பெயர் மாறியதையும் காணவில்லை. எங்கள் கரையில் இன்று நெல்லும் மீனும் ஏற்றி ஓடும் ஹைலக்ஸ் வகை பிறந்தது 1968இல். அதனையும் அவர் காணவில்லை. ஆளின் பெயரா ஊரின் பெயரா என்று வினவிய மாணவனுக்கு, முதலில் ஆளின் பெயர், பின்னர் ஊரின் பெயரும் ஆயிற்று என்று விடை கூறினேன்.

இனி, வண்டி வாங்கிய கதைக்கு வருவோம். பேருரு வேண்டிய இளைஞர்க்கு ஒரு செய்தி மகிழ்ச்சி தந்தது. அதே கம்பனி அமெரிக்காவிற் கட்டும் டண்ட்ரா என்னும் பெரிய பிக்கப், 2012 ஒக்டோபரில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில், எண்டெவர் விண்கலத்தை ஒரு பாலத்தைக் கடத்தி இழுத்தது. விண்கலமும் அதனைத் தாங்கிய சக்கர மேடையும் ஏறத்தாழ 130 தொன். ஆயினும் அது சமநிலத்தில், சிறிது தொலைவுக்கு, பொறியியலாளர் சூழ மெல்ல நடத்திய காட்சி. அவ்வகை வண்டிகள் பெரும்பாலும் இடப்பக்க ஸ்டியரிங் உடையவை. எங்கள் ஒழுங்கைகளில் திரும்பா. உறுப்பு முறிந்தால் கல்முனையில் அகப்படா. இழுக்கும் வலிமையினும் நிறுத்தும் வலிமையே பெரிது என்பதைக் கராஜ் நடத்தும் முதியவர் ஒருவர் எங்களுக்கு விளக்கினார். அவர் சொல்லியதன் சாரம் வருமாறு.

ஆயிரம் லீற்றர் தண்ணீர் ஆயிரம் கிலோகிராம். தாங்கியும் ட்ரெயிலரும் அதற்கு மேல். தனக்கென பிரேக் இல்லாத ட்ரெயிலரில் 750 கிலோகிராமுக்கு மேல் ஏற்றுதல் கெப் வகைகளுக்குப் பொதுவாகத் தகாது. ட்ரெயிலருக்குப் பிரேக் இருந்தால், இக்காலத்து ஹைலக்ஸ் போன்றவை வகைக்கேற்ப 3,000 கிலோகிராமுக்கு மேலும் இழுக்கும். 3,500 வரை இழுப்பனவும் உண்டு. அந்த அளவு வண்டிக்கு வண்டி மாறும். கைந்நூலைப் பார்த்தே அறியவேண்டும். கொளுக்கி அடிச்சட்டமாகிய சேசிஸிற் பூட்டப்பட வேண்டும், பம்பரிற் பூட்டலாகாது. ட்ரெயிலரின் மொத்தப் பாரத்திற் பத்தில் ஒரு பங்கேனும் கொளுக்கியில் அழுந்த வேண்டும். பாரம் பின்னே சாய்ந்தால் ட்ரெயிலர் வால்போல் ஆடி வண்டியையும் புரட்டும். தாங்கியை முழுதும் நிரப்புக அல்லது முழுதும் ஒழிக. அரைகுறைத் தண்ணீர் அலைந்து வளைவுகளில் வண்டியைத் தள்ளும். இவையெல்லாம் யாப்பிலக்கணம் போன்றவையே. அளவு மிகுந்தால் அடி சிதையும்.

2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இலேயே மீண்டும் திறக்கப்பட்டமையால், புதிய வண்டியின் விலை எமக்கு எட்டவில்லை. பழையவை இரண்டைப் பார்த்தோம். இரண்டும் டீசல் வண்டிகள். இரண்டும் நாற்சக்கரமும் இழுப்பவை. ஒன்று புதிதுபோல் மின்னியது. உரிமையாளர் அது ஒருநாளும் பழுதானதில்லை என்று சத்தியஞ் செய்யாக் குறையாகக் கூறினார். மற்றது ஹைலக்ஸ், நிறம் மங்கியது, கதவில் நசுங்கல் வேறு. அதன் உரிமையாளர் ஒன்றும் பேசாது பழைய கொப்பி ஒன்றை எடுத்து நீட்டினார். கிளட்ச் மாற்றிய நாள், தண்ணீர்ப் பம்ப் கசிந்த நாள், பின் வில்லுத்தகடு முறிந்த நாள், அப்போது ஓடியிருந்த கிலோமீற்றர், கொடுத்த பணம் எல்லாம் அதில் இருந்தன. எழுத்துப் பிழைகள் மலிந்திருந்தன. ஆசிரியத் தொழிலின் பழக்கத்தாற் சிவப்பு மையைத் தேடிய என் கை நாணி நின்றது.

குழுவினர் என்னை நோக்கினர். மின்னும் வண்டி இளையது என்பதையும், விலையில் வேறுபாடு சிறிது என்பதையும் இளைஞர் எடுத்துரைத்தனர். யான் வண்டியை அறியேன், கொப்பியை அறிவேன். பழுது நேராத வண்டி உலகில் இல்லை. பழுதைச் சொல்லாத உரிமையாளரே உண்டு என்று எனக்குத் தோன்றியது. வழியில் முறிந்த லொறியையும் அதனடியிற் படுத்த மனிதரையும் பற்றிச் சுருங்கக் கூறினேன். கராஜ் முதியவர் வண்டியின் அடியிற் படுத்து விளக்கடித்துப் பார்த்து, கொப்பியில் எழுதிய ஒவ்வொரு வேலையும் உண்மையிலேயே செய்யப்பட்டிருக்கின்றது என்றார். சேசிஸில் துரு அரிக்கவில்லை என்பதையும் உறுதி செய்தார்; உப்புக்காற்று வீசும் எங்கள் ஊரில் அதுவே முதற்சோதனை. ஹைலக்ஸையே வாங்கினோம். மிஞ்சிய பணத்தில் ட்ரெயிலருக்குப் பிரேக் பூட்டினோம்.

அக்கொப்பியை வண்டியோடு கேட்டு வாங்கினேன். அதில் வெற்றுத்தாள் இன்னும் பல இருந்தன. சங்கத்தார் சொல்லியபடி முதல் வெற்றுத்தாளில், இழுக்கத்தகும் பாரத்தின் அளவை யான் என் கையால் எழுதினேன். அதன் கீழே மற்றொரு விதியும் எழுதினேன்: வெள்ளம் வீதியை மூடிய இடத்தில், எத்துணை அவசரமாயினும், எவர் அழைப்பினும், வண்டி நிற்க வேண்டும். மாவடிப்பள்ளி வீதியை நினைத்தே அதனை எழுதினேன். குழுவினர் அனைவரும் வாசித்து, ஒருவர் பின் ஒருவராய் அதன்கீழ் ஒப்பமிட்டனர்.